சொந்தக் குளத்துக்கு ஒரு மண்கட்டு: எப்படி நிற்கிறது, ஏன் உடைகிறது

வாகரைப் பக்கம் கட்டுமுறிவு என்று ஓர் ஊர் உண்டு. அங்கே குளமும் உண்டு. அதன் பெயர் கட்டுமுறிவுக்குளம். விளக்கம் தேவைப்படாத பெயர். குளக்கட்டு முறிவது எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஊர்ப்பெயராய் நிலைக்கும் அளவுக்குப் பழகிய சங்கதி. ஆனாலும் ஏன் முறிந்தது என்று கேட்டால், "வெள்ளம் கூடிப்போச்சு, உடைஞ்சிட்டு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மாமி மகன். இருபது வருடம் லண்டனில் இருந்துவிட்டு வந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் காணி வாங்கியிருக்கிறான். காணிக்கு நடுவே ஓர் ஓடைப் பள்ளம். அதை மறித்து ஓர் ஏக்கரில் குளம், கரையில் தங்குவதற்கு நாலு கபானா, ஒரு தோணி, தூண்டில் போட மீன். "பெக்கோவைப் பிடிச்சா மூணு நாள் வேலை மச்சான். சின்னக் கட்டுத்தானே. கசிஞ்சா கொங்கிரீட்டைப் போட்டு அடைச்சிருவம். கட்டுக்கு மேல வரிசையா மரத்த நட்டா வேர் பிடிச்சுக்கும்" என்றான். நாலு வசனம், நாலிலும் பிழை. அவனைக் குறை சொல்லவில்லை. படித்தவர்களும் குளக்கட்டைப் பற்றி இப்படித்தான் பேசுகிறார்கள்.

வரம்பும் நண்டு வளையும்

வயல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதன் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரு முழம் உயரமில்லாத வரம்பு, ஒரு சாண் தண்ணீரை மறித்து நிற்கிறது. வரம்பின் மறுபக்கத்தைத் தொட்டால் எப்போதும் ஈரம்தான். அதற்காக யாரும் பதறுவதில்லை. நண்டு வளை ஒன்று விழுந்தால் மட்டும் கதை வேறு. மாலையில் விரல் மொத்தத்துக்கு ஓடிய தண்ணீர், விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு பாகம் வரம்பைக் கொண்டுபோயிருக்கும். அதே வரம்பில் மழைத் தண்ணீர் மேலால் வழிந்தாலும் முடிவு அதுதான். ஆகவே, பக்கத்து வயலுக்கு வழிய ஒரு கடவை வெட்டி விட்டிருப்பார்கள்.

குளமும் இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் பெரிது. மண்ணைக் குவித்து இறுக்கிய பெரிய வரம்பு, கட்டு. வேண்டும்போது தண்ணீரை வெளியே விட அடியில் வைக்கும் திறப்பு, துருசு. குளம் நிறைந்தபின் மிஞ்சும் தண்ணீர் தானாகவே வழிந்தோட ஒதுக்கிய பாதை, வான். உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்களில் மாரியில் திறக்கிறார்களே வான்கதவு, அது இந்தப் பாதைக்குப் போட்ட கதவு. சிறு குளங்களுக்குக் கதவு இராது, வெறும் வாய் மட்டும் இருக்கும்.

கட்டு தண்ணீரை நிறுத்துவதில்லை

பெரும்பாலான தவறான பேச்சுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. மண்கட்டு ஒரு சுவர் என்றும், சுவருக்கு அங்கால் ஒரு சொட்டும் வரக்கூடாது என்றும் நினைக்கிறோம். மண்பானையை எடுத்துப் பாருங்கள். பானை உடைந்திருக்காது, ஓட்டையும் இராது. ஆனாலும் வெளிப்புறம் வியர்த்திருக்கும். மண்ணில் பருக்கைக்கும் பருக்கைக்கும் இடையே சந்து இருக்கிறது. அந்தச் சந்தால் தண்ணீர் ஊர்ந்து வரும். மணலில் சந்து பெரிது, வேகம் கூட. களிமண்ணில் சந்து நுண்ணியது, வேகம் மிகக் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். கட்டு செய்வது தண்ணீரைத் தாமதிப்பது. இப்படி ஊர்ந்து வெளியே வருவதுதான் கசிவு.

கசிவு இருக்கும், அது எங்கே, எப்படி வெளியே வருகிறது என்பதுதான் கேள்வி. குளப்பக்கத்தில் தண்ணீர் மட்டத்தில் நுழைகிற ஈரம், கட்டுக்குள்ளே சரிவாய் இறங்கிக்கொண்டே போகும். கட்டின் அடி அகலமாய் இருந்தால் அது அடிவாரத்துக்குப் போய்ச் சேரும். அடி ஒடுங்கியிருந்தால் வெளிச்சரிவின் நடுவயிற்றிலேயே தலைகாட்டும். அந்த இடம் சொதசொதத்து இளகி, ஒருநாள் பாளமாய்ச் சரியும். மண்கட்டுகள் படுத்த எருமை போல் பரந்து கிடப்பது இதனால்தான். ஓர் அடி உயரத்துக்குக் குளப்பக்கம் இரண்டரை முதல் மூன்று அடி வரையும், வெளிப்பக்கம் குறைந்தது இரண்டு அடியும் சரிவு வைப்பது சிறு கட்டுகளுக்கு வழமையான கணக்கு. பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரத்தின் காரர் செங்குத்தாய்க் குவித்துத் தருவதைக் கட்டு என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.

நல்ல கட்டின் வெளியடிவாரத்தில் மணலும் சல்லியும் படைபடையாய்ப் போட்டிருப்பார்கள். அது வடிகட்டி. தேங்காய்ப்பால் பிழியும் துணியின் வேலை அதற்கு: பால் வரவேண்டும், பூ வரக்கூடாது. தண்ணீர் வெளியேறலாம், ஆனால் மண் பருக்கை உள்ளேயே நிற்க வேண்டும். மச்சான் சொன்ன கொங்கிரீட்டை வெளிப்பக்கம் பூசினால் நடப்பது இதற்கு நேர்மாறு. தண்ணீர் வரும் வழி அடைபட்டு, கட்டுக்குள்ளே தேங்கி, மண்ணை இளக்கி, வேறெங்கோ வாய் திறக்கும்.

இன்னொரு தவறான கணக்கும் உண்டு: குளம் பெரிதானால் கட்டைத் தள்ளும் பலமும் பெரிது என்பது. தள்ளும் பலம் ஆழத்தைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததல்ல. கட்டடியில் 10 அடித் தண்ணீர் நின்றால் அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறக்குறைய 3 தொன் அழுத்தம். அது ஓர் ஏக்கர் குளமாயிருந்தாலும் சரி, சேனநாயக்க சமுத்திரம் என்ற மாபெரும் குளத்தின் ஓர் ஓரமாயிருந்தாலும் சரி. "சின்னக் கட்டு" என்பதற்குத் தண்ணீரிடம் அர்த்தமில்லை.

பரப்பு வேலைக்கு வருவது உடைந்த பிறகு. ஓர் ஏக்கர், சராசரி 6 அடி ஆழம் என்றால் கிட்டத்தட்ட 74 இலட்சம் லீற்றர். 10,000 லீற்றர் பவுசர்கள் 740 வரிசையில் நின்று, எல்லாம் ஒரேயடியாய்த் திறந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதுவரை வந்தது இவ்வளவு: கட்டு கசியத்தான் செய்யும், தெளிந்த தண்ணீராய், அடிவாரத்தில், வடிகட்டி வழியே கசிந்தால் அது சுகமான கட்டு. இனி அது உடையும் விதம். உலகில் உடைந்த மண்ணணைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் கணக்கில் ஏறக்குறைய பாதி உள்ளரிப்பால் போனவை, பாதி மேலால் பாய்ந்து போனவை. சரிந்து விழுந்தவை கொஞ்சம்தான்.

உள்ளரிப்பு

கசியும் தண்ணீர் மண் பருக்கையைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினால் அது உள்ளரிப்பு. இதில் கவனிக்க வேண்டியது திசை. ஓட்டை குளப்பக்கத்திலிருந்து வெளியே வருவதில்லை. தண்ணீர் வெளியேறும் வாயில் தொடங்கி, குளத்தை நோக்கிப் பின்னுக்குப் பின்னுக்குத் தோண்டிக்கொண்டு போகும். குளத்தைத் தொட்ட நிமிடம் முழுத் தண்ணீருக்கும் குழாய் கிடைத்துவிடும். அதனால்தான் வாரக்கணக்காய் மெல்ல ஊறியது, கடைசியில் சில மணித்தியாலத்தில் முடிந்துபோகிறது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணை பொறியியலாளர்கள் கட்டிய பெரிய மண்ணணை. 1976 ஜூன் 5 காலையில் சேற்று நீர் வருவதைக் கண்டார்கள். புல்டோசர் விட்டு அடைக்கப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள்.

தண்ணீருக்கு வசதியான ஒரு கோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இது தொடங்கும். சொந்தக் குளங்களில் முதலிடம் துருசுக் குழாய்க்கு. பீவிசி குழாயைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளிவிடுவார்கள். குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே மண் இறுகாது, அங்கே ஒரு நீண்ட சந்து விழும். அடுத்தது உடும்பு, முள்ளம்பன்றி, நண்டு, எலி ஆகியவற்றின் வளைகளும் கரையான் புற்றும். மூன்றாவது மரம்.

மரத்தைப் பற்றி இரண்டு வசனம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் மக்கள் பிடிவாதமாய் நிற்கிறார்கள். ஆற்றங்கரைக்கு மரம் நல்லது, கட்டுக்கு அல்ல. உயிரோடிருக்கும் வேர் மண்ணைப் பிடிக்கும், உண்மை. மரம் பட்டுப்போனால் வேர் உக்கி, கட்டின் குறுக்கே ஆயத்தமான குழாயாய்க் கிடக்கும். 1978 நவம்பர் 23 அன்று வீசிய சூறாவளியில் மட்டக்களப்பில் எத்தனை மரம் வேரோடு பிரண்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அந்த மரங்களில் ஒன்று உங்கள் கட்டின் மேல் நின்றிருந்தால், அது கிளப்பிக்கொண்டு போகும் மண்ணுருண்டை கட்டின் பாதி அகலம் இருக்கும். கட்டுக்கு அறுகம்புல் போதும்.

மேலால் பாய்தல்

இதற்கு உவமை தேடி எங்கும் போக வேண்டாம். மாரியில் வாவி நிறைந்து ஊருக்குள் வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டுவார்கள். முதலில் வெட்டுவது ஒரு சிறு வாய்க்கால். தண்ணீர் ஓடத் தொடங்கியபின் வெட்டுகிறவர்கள் விலகி நிற்க வேண்டியதுதான். மிச்ச வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அது ஆறு. குளக்கட்டின் மேலால் தண்ணீர் வழிந்தால் நடப்பதும் இதுவேதான், நாம் வெட்டாமலே. வெளிச்சரிவில் இறங்கும் தண்ணீர் அடிவாரத்தில் முதலில் பள்ளம் பறிக்கும். பள்ளம் படிபடியாய் மேலே ஏறிக் கட்டின் தலையை அறுக்கும். அறுபட்ட இடம் தாழத் தாழ இன்னும் தண்ணீர் அங்கேயே திரளும்.

மழைக் கணக்கை ஒருமுறை போட்டால் பயம் தானாய் வரும். மச்சானின் ஓடைக்கு மேற்புறம் 20 ஏக்கர் நிலத்தின் மழைத்தண்ணீர் வந்து சேர்கிறது என்று வையுங்கள். மார்கழியில் ஓரிரவில் 4 அங்குல மழை எங்கள் பக்கத்தில் அதிசயம் இல்லை. நிலம் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும். பாதியே ஓடி வந்தது என்றாலும் ஓர் ஏக்கர் குளத்தில் அது 40 அங்குலம், அதாவது மூன்றடிக்கு மேல். குளம் முதலே நிறைந்திருந்தால் அந்த மூன்றடி எங்கே போகும்? வான் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டுக்கு மேலால் போகும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சிறு குளங்கள் பல உடைந்தன.

ஆகவே வானை முதலில் திட்டமிட்டு, கட்டைப் பிறகு யோசிப்பதே முறை. வான் கட்டின் மேல் அமையக் கூடாது. கட்டு முடியும் ஓரத்தில், வெட்டாத இயற்கை நிலத்தில் இருக்க வேண்டும். நிரப்பிய மண்ணின் மேல் ஓடும் வான், தானே ஓர் உடைப்பு. ஆழமாய் ஒடுங்கியிருப்பதைவிட அகலமாய் ஆழமற்று இருப்பது நல்லது. புல் பிடித்திருக்க வேண்டும், வெளியேறும் தண்ணீர் கட்டின் அடிவாரத்துக்குத் திரும்பி வராதபடி தூரத்துக்குப் போய் ஓடையில் சேரவேண்டும். வானின் மட்டத்துக்கும் கட்டின் தலைக்கும் நடுவே விடும் இடைவெளியை மிச்ச உயரம் என்று சொல்லலாம். சிறு குளத்துக்கும் மூன்றடி விடுவது நல்லது. அலை அடிக்கும், கட்டு வருடத்தோடு கொஞ்சம் அமரும், அதற்கெல்லாம் அந்த இடம் வேண்டும்.

சுருக்கமாய்: உள்ளரிப்புக்கு மருந்து, இறுக்கமான மண்ணும் வடிகட்டியும். மேலால் பாய்வதற்கு மருந்து, அடைபடாத வான்.

பொழுதுபோக்குக் குளம் ஏன் கூடுதல் ஆபத்து?

வயற்குளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை தண்ணீர் பார்க்கப் போவார். விவசாயிகள் கட்டால் நடந்து போவார்கள். சிறுபோகம் முடிந்தபின் தண்ணீர் வற்றிக் கட்டின் உட்பக்கம் வெளியே தெரியும். மாரி வரும்போது குளத்தில் இடம் இருக்கும். பொழுதுபோக்குக் குளத்தில் இதில் ஒன்றும் இல்லை. அழகுக்காக வருடம் முழுக்க நிறைத்தே வைத்திருப்பார்கள். மீன் ஓடாதிருக்க வானில் வலை கட்டுவார்கள். அந்த வலையில் சல்வீனியா என்ற நீர்க்களையும் சருகும் சிக்கி, வான் வேண்டிய இரவில் அடைபடும். கட்டின் மேல் மரமும் இருக்கையும் வரும். வாகனம் போக வசதியாய்க் கட்டின் தலையைச் செதுக்குவார்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில், காவலாளிக்குக் கட்டைப் பற்றி ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் கற்பனை அல்ல. பென்சில்வேனியா மாநிலத்தின் சவுத் ஃபோர்க் அணை, கால்வாய்க்காகக் கட்டப்பட்டு, பிறகு பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கம் ஒன்றின் கைக்கு வந்த மண்ணணை. ஆண்ட்ரூ கார்னகி போன்றவர்கள் அதில் உறுப்பினர். அடியில் இருந்த வெளியேற்றுக் குழாய்களை முந்திய சொந்தக்காரர் கழற்றி இரும்புக்கு விற்றிருந்தார். சங்கம் திரும்பப் போடவில்லை, ஆகவே தண்ணீரை இறக்க வழியே இல்லை. குதிரைவண்டிப் பாதைக்காகக் கட்டின் தலையைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் வானில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் தண்ணீர் மேலால் பாய்ந்தது. கீழே 14 மைல் தூரத்தில் இருந்த ஜோன்ஸ்ரவுன் நகரமும் வழியிலிருந்த ஊர்களும் அடிபட்டு 2,209 பேர் இறந்தார்கள். நீதிமன்றம் சங்கத்தில் எவரையும் பொறுப்பாக்கவில்லை. 2006 மார்ச் 14 அன்று ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ என்ற தனியார் மண்ணணை உடைந்து 7 பேர் போனார்கள். அங்கே வான் மண்போட்டு மூடப்பட்டிருந்ததாக விசாரணையில் பேசப்பட்டது.

மழை இல்லாவிட்டால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். எங்களுக்குப் பக்கத்திலேயே, திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது 1986 ஏப்ரல் 20 அதிகாலையில், ஊர் உறங்கும்போது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 1,600க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. கட்டின் மேல் ஓடிய பாரவாகனங்களும் அதற்குக் காரணமாய்ச் சொல்லப்பட்டன.

மண்ணும் கடதாசியும்

எந்த மண் என்பது முதல் கேள்வி. எழுவான்கரையின் கரையோர மணலில் கட்டு நிற்காது, தண்ணீரும் நிற்காது. படுவான்கரையில் களி கலந்த மண் கிடைக்கும். கையில் ஒரு பிடி எடுத்து அமத்திப் பாருங்கள்: உருண்டையாய் நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அது இறுக்குவதற்குச் சரியான ஈரம். பிறகு ஒரு சிறு கட்டியைத் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் அசையாமல் போடுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் கரைந்ததுபோல் கலங்கினால் அந்தக் களி தண்ணீரில் தானாய்க் கரையும் வகை, கட்டுக்கு ஆகாது. ஐந்து ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் இலட்சக்கணக்கில் மண் பறிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் புரிவதில்லை.

மேல்மண்ணையும் வேரையும் வழித்தெடுத்து, நடுவே களி கிடைக்கும் வரை ஓர் அகழி வெட்டி, அதை நல்ல களியால் நிரப்பித்தான் கட்டைத் தொடங்க வேண்டும். 6 அங்குலத்துக்கு ஒரு படை போட்டு ஒவ்வொன்றாய் உருளையால் இறுக்க வேண்டும். முற்காலத்தில் எருமையையும் யானையையும் விட்டு மிதித்தது இதற்குத்தான். பெக்கோ வாளியால் தட்டுவது இறுக்கமாகாது, பெக்கோவின் எடை சங்கிலியில் பரவிப்போகும். மூன்று நாளில் முடியாது என்று நான் சொல்வது இதனால்.

80 ஹெக்டயர் வரை நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. உங்கள் குளம் வயலுக்கே அல்லாவிட்டாலும், நீங்கள் மறிக்கும் ஓடை கீழே யாரோ ஒருவரின் வயலுக்குப் போகிறது. கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் பேசி, ஒரு நீர்ப்பாசனப் பொறியியலாளரைக் காணிக்குக் கூட்டிவந்து காட்டாமல் பெக்கோவுக்கு முற்பணம் கொடுக்கக் கூடாது.

கலங்கல் தண்ணீர் கண்டால்

மாரியில் தினமும், மற்றக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை, கட்டின் மேலால் ஒருதரம், வெளியடிவாரத்தால் ஒருதரம் நடக்க வேண்டும். கசிவை நிறமில்லாத ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவு என்றால் திகதி போட்டு எழுதி வையுங்கள். கலங்கல் என்றால், அல்லது நேற்றைவிட இன்று அளவு கூட என்றால், அன்றைக்கு வேறு வேலை கிடையாது.

முதலில் கீழே இருக்கும் வீடுகளுக்குச் சொல்ல வேண்டும், கிராம சேவகருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அதன்பிறகு. துருசைத் திறந்து மட்டத்தை இறக்க வேண்டும். சாதாரண நாளில் மெல்ல இறக்குவதே முறை. வெள்ளம் சடுதியாய் வற்றினால் ஆற்றங்கரை சரிவதுபோல, ஈரம் ஊறிய உட்சரிவும் சரியும். ஆபத்தில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை. கலங்கல் வரும் வாயைக் களியால் அடைக்காதீர்கள். அதன்மேல் மணலையும் அதற்குமேல் சல்லியையும் கொட்டி, தண்ணீர் வர, மண் நிற்கச் செய்யுங்கள். கட்டை வெட்டித் தண்ணீர் விடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

மச்சானின் காணிக்குக் கீழே, ஓடையின் இரண்டு பக்கமும், ஆறு வீடுகள் இருக்கின்றன. வானுக்கு எந்தப் பக்கம் வெட்டுவது என்று போன கிழமை அவனே கேட்டான். குச்சி நட்டு அளந்தும் ஆயிற்று, கபானாக்களையும் மேட்டுப்பக்கம் மாற்றிவிட்டான். அந்த ஆறு வீட்டுத் தொலைபேசி இலக்கங்களை வாங்கினாயா என்றேன். "மறுகா பாப்பம் மச்சான்" என்கிறான்.